போஸ்ட்வில் ரெய்டும் அயோவாவில் பிறந்த குழந்தைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ரெய்டு நடந்தால் எத்தனை பேர் கைது என்ற கணக்கு மறுநாள் பேப்பரில் வந்துவிடும். கைதாகாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அதை எப்படி எடுப்பது, எந்த அலகில் சொல்வது என்றுதான் கேட்பார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2008ல், குடியேற்ற ஆவணம் இல்லாத தொழிலாளர்களைப் பிடிக்க நடந்த ஒரு ரெய்டு விஷயத்தில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. அன்று கைதானவர்கள் 389 பேர். அந்த நடவடிக்கையின் பாதிப்பை மூன்று ஆய்வாளர்கள் குழந்தைகளின் பிறப்பு எடையை வைத்து மாநிலம் முழுவதற்கும் அளந்து பார்த்தார்கள்.

பொது சுகாதாரத்தில் சமூக அழுத்தம் என்ற சொல்லை நாம் நிறையவே பயன்படுத்துகிறோம். வறுமை, பாகுபாடு, பயம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அரசு நடவடிக்கையால் உண்டான அழுத்தம் யாருடைய உடலில் எவ்வளவு தூரம் இறங்கியது என்று காட்டும் ஆய்வுகள் குறைவு. போஸ்ட்வில் ஆய்வை நான் முக்கியமாக நினைப்பது அதனால்தான். அதன் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே பார்ப்போம்.

அன்று நடந்தது

போஸ்ட்வில், அயோவாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சின்ன ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். 1987ல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் அங்கே மூடிக் கிடந்த இறைச்சி ஆலையை வாங்கி, யூத மத விதிப்படி தயாரிக்கும் கோஷர் இறைச்சி ஆலையாக மாற்றியது. அக்ரிபிராசஸர்ஸ் என்ற அந்த நிறுவனம் வளர்ந்து நாட்டின் மிகப் பெரிய கோஷர் ஆலைகளில் ஒன்றானது. வேலை கடினம், கூலி குறைவு. அந்த வேலைக்கு குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பலர் குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

2008 மே 12, திங்கட்கிழமை. காலை பத்து மணி வாக்கில் குடியேற்ற அமலாக்கத் துறையினர் ஆலையைச் சுற்றி வளைத்தார்கள். ஏறத்தாழ 900 அதிகாரிகள் இந்த நடவடிக்கையில் ஈடுபட்டிருந்தார்கள். ஊருக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. பிடிபட்ட 389 பேரில் 290 பேர் குவாத்தமாலாக்காரர்கள், 93 பேர் மெக்சிகோக்காரர்கள். அமெரிக்காவில் ஒரே பணியிடத்தில் அதுவரை நடந்த ரெய்டுகளில் அதுதான் பெரியது.

கைதானவர்களை சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, வாட்டர்லூ நகரில் இருக்கும் தேசிய கால்நடைக் கண்காட்சித் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் திடலில் இருந்த நடன மண்டபம்தான் தற்காலிக நீதிமன்றம். மணிக்கட்டிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் சங்கிலி போட்டு, பத்துப் பத்துப் பேராக உள்ளே அழைத்து வந்தார்கள். இதை விவரமாக எழுதியவர் அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த எரிக் கமாயத் ஃபிரெய்ஷாஸ். அவர் புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரும்கூட. மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கக்கூடாது என்ற தொழில் மரபை மீறி, தான் கண்டதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். கைதானவர்களில் பலர் மாயா பழங்குடியினர், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்கள் மேல் போடப்பட்ட குற்றச்சாட்டு என்னவென்றே பலருக்குப் புரியவில்லை என்று அவர் எழுதினார்.

குற்றச்சாட்டு இதுதான்: வேலைக்குச் சேர இன்னொருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தியது, அதாவது அடையாளத் திருட்டு. அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் இரண்டு வருடச் சிறை. சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதம், அப்புறம் நாடு கடத்தல். ஏறத்தாழ 270 பேர் சிறைக்குப் போனார்கள், பெரும்பாலோருக்கு அந்த ஐந்து மாதம்தான். மறு வருடம் 2009 மே மாதம், ஃப்ளோரெஸ் ஃபிகரோவா என்ற வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: அந்த எண் உண்மையில் இன்னொரு மனிதருடையது என்று தெரிந்தே பயன்படுத்தியிருந்தால்தான் அது அந்தக் கடுமையான குற்றம். போஸ்ட்வில்காரர்களுக்கு எதிராகத் தூக்கிக் காட்டிய மிரட்டல், பெரும்பாலோர் விஷயத்தில் சட்டப்படி நின்றிருக்காது. தீர்ப்பு வருவதற்குள் அவர்கள் தண்டனை முடித்து நாடு கடத்தப்பட்டிருந்தார்கள்.

ஊருக்குள் என்ன நடந்தது என்பதுதான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. ரெய்டு நடந்த அன்றே நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் செயின்ட் பிரிட்ஜெட் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். பின்வந்த மாதங்களிலும் அந்தத் தேவாலயம்தான் பல குடும்பங்களுக்குச் சாப்பாடும் வாடகையும் பார்த்துக்கொண்டது. சிறு குழந்தைகள் இருந்த தாய்மார்கள் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல், காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களால் வேலைக்கும் போக முடியாது, ஊரை விட்டும் போக முடியாது. வழக்கு முடியும்வரை அந்தக் கருவியை இரவில் மின்சாரத்தில் மாட்டி சார்ஜ் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். நவம்பரில் ஆலை நிறுவனம் திவால் நோட்டீஸ் கொடுத்தது. வாடகைக்கு ஆள் இல்லை, கடைகளில் வியாபாரம் இல்லை. ஊரின் பொருளாதாரமே சரிந்தது.

அளந்த விதம்

நிக்கோல் நோவாக், அர்லீன் ஜெரோனிமஸ், அரேஷா மார்டினெஸ் கார்டோசோ மூவரும் செய்த ஆய்வு 2017ல் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் எபிடெமியாலஜி இதழில் வந்தது. யோசனை எளிமையானது. அயோவாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு. அதில் எடை இருக்கும், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று இருக்கும், தாயின் இனம், தாய் பிறந்த நாடு எல்லாம் இருக்கும். ரெய்டுக்குப் பின் வந்த 37 வாரங்களில் பிறந்த குழந்தைகளை, அதற்கு முந்தைய வருடம் அதே 37 வாரங்களில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 52,344 பிறப்புகள்.

37 வாரம் என்பது யோசித்து எடுத்த எண். நிறைமாதம் என்று கணக்கு தொடங்குவது அங்கேதான். ஆகவே அந்தக் காலத்தில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் அனைவரும் ரெய்டு நாளன்று ஏற்கனவே தாயின் வயிற்றில் இருந்தவர்கள். ஒரே பருவகாலத்தை எடுத்ததும் நல்ல முடிவு. வெயில், குளிர், காய்ச்சல் சீசன் இவற்றால் பிறப்பு எடையில் வரும் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

பார்த்தது எடை குறைந்த பிறப்பு. உலகம் முழுக்க இதற்கு 2.5 கிலோதான் கோடு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறைத் தராசில் பார்ப்பதும் இதே கோட்டைத்தான்.

கிடைத்தது என்ன? லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் எடை குறைந்து பிறக்கும் அபாயம் முந்தைய வருடத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மாரிடம் அப்படி ஒரு மாற்றம் இல்லை. லத்தீனத் தாய்மாரில் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர்களிடமும் கூடியிருந்தது, அமெரிக்காவிலேயே பிறந்தவர்களிடமும் கூடியிருந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களைவிட நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

போஸ்ட்வில்லில் மட்டும் ஒரு வருடத்தில் எத்தனை பிரசவம் நடந்துவிடப் போகிறது? இந்தக் கணக்கு மாநிலம் முழுவதற்குமானது. ரெய்டு நடந்த ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, மாநிலத்தின் மறுகோடியில் இருந்த தாய்மாரும் இதில் அடக்கம். அவர்களில் யாருக்கும் அந்த ஆலையோடு சம்பந்தம் இருந்திருக்கத் தேவையில்லை.

24 சதவீதத்தை எப்படிப் படிப்பது

இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இது ஒப்பீட்டு அபாயம். நூறு குழந்தைகளில் ஐந்து குழந்தை எடை குறைந்து பிறக்கும் இடத்தில் 24 சதவீதம் கூடினால், அது ஆறைக் கொஞ்சம் தாண்டும். நூற்றுக்கு இருபத்து நான்கு குழந்தை பாதிக்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. செய்தியில் இதை மாற்றிச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவது, நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு. ஆய்வில் ஒப்பீட்டு அபாயம் 1.24. அதன் 95 சதவீத நம்பக இடைவெளி 0.98 முதல் 1.57 வரை. 1 என்றால் மாற்றமே இல்லை என்று பொருள். இடைவெளியின் கீழ் முனை அந்த 1ஐ மயிரிழையில் தொட்டுத் தாண்டுகிறது. புள்ளியியலில் கறாராக இருப்பவர்கள் இதை எல்லைக்கோட்டு முடிவு என்று சொல்வார்கள். அது நியாயம்தான். அயோவாவில் லத்தீனத் தாய்மாரின் எண்ணிக்கை குறைவு என்பதால் இடைவெளி அகலமாகத்தான் வரும். அதே சமயம் 0.98 என்ற ஒரே எண்ணை வைத்து ஆய்வை மூலையில் போடுவதும் சரியில்லை. வெள்ளையினத் தாய்மாரிடம் மாற்றமில்லை, லத்தீனரில் இரு பிரிவினரிடமும் ஒரே திசையில் மாற்றம், நிறைமாதப் பிறப்புகளில் கூடுதல் அழுத்தம் என்று எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. 2008ல் அயோவாவில் வேறு என்னவெல்லாம் நடந்தது? பொருளாதார மந்தம் 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது, 2008 செப்டம்பரில் லேமன் வங்கி விழுந்தது. அதைவிட முக்கியம், ரெய்டு நடந்து ஒரே மாதத்தில், ஜூன் நடுவில், அயோவாவின் வரலாற்றிலேயே மிக மோசமான வெள்ளங்களில் ஒன்று வந்தது. சீடர் ராபிட்ஸ் நகரின் மையப்பகுதி மூழ்கியது. பேறுகால அழுத்தத்தைப் படிப்பதற்கென்றே அந்த வெள்ளத்தை வைத்துத் தனியாக ஓர் ஆய்வு அயோவாவில் நடந்தது. அப்படியிருக்க, நாம் ரெய்டின் கணக்கில் எழுதுவது வெள்ளத்தின் கணக்கோ?

வெள்ளையினத் தாய்மாரை ஒப்பீட்டுக்கு வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. வெள்ளமும் மந்தமும் அவர்களையும் அடித்தன, ஆனால் அவர்கள் குழந்தைகளின் எடை அபாயம் நகரவில்லை. இருந்தாலும் இந்தப் பதில் முழுமையானது இல்லை. மந்தத்தில் முதலில் வேலை போவது கூலிக்காரர்களுக்குத்தான், தாழ்வான இடத்தில் குடியிருப்பதும் அவர்கள்தான். ஆகவே வெள்ளமும் மந்தமும் லத்தீனக் குடும்பங்களைக் கூடுதலாகத் தாக்கியிருக்கலாம் என்ற வாய்ப்பைப் பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்து முற்றிலும் ஒதுக்க முடியாது.

நான்காவது, ஒப்பீட்டு வருடமே சுத்தமானதா என்ற கேள்வி. 2006 டிசம்பர் 12 அன்று ஸ்விஃப்ட் என்ற இறைச்சி நிறுவனத்தின் ஆறு ஆலைகளில் ஒரே நாளில் ரெய்டு நடந்து ஏறக்குறைய 1,300 பேர் பிடிபட்டார்கள். அந்த ஆறில் ஒன்று அயோவாவின் மார்ஷல்டவுனில் இருந்தது. அன்று கருவுற்றிருந்த பெண்களுக்கு 2007 செப்டம்பர் வரை பிரசவம் ஆகியிருக்கும். அதாவது எதுவும் நடக்காத வருடம் என்று நாம் ஒப்பிடும் 2007லும் ஒரு பங்குக் குழந்தைகள் இன்னொரு ரெய்டின் நிழலில் வளர்ந்தவை. அதனால் ஒப்பீட்டுத் தளமே கொஞ்சம் உயர்ந்திருந்தால், 24 சதவீதம் என்பது உண்மையான பாதிப்பைக் குறைத்துக் காட்டும் எண்ணாக இருக்கலாம். ரெய்டுக்குப் பின் அயோவாவை விட்டே போய்விட்ட கர்ப்பிணிகளும் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் வேறெங்கோ பிரசவித்தார்கள். கருச்சிதைவில் முடிந்தவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. மிக அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பதிவேட்டிலிருந்தே காணாமல் போயிருக்க வாய்ப்புண்டு.

பயம் எந்த வழியாக எடையைக் குறைக்கிறது

மாசமாக இருக்கும் பெண்ணின் மனம் நோகக்கூடாது என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வது. அதன் உடலியல் கொஞ்சம் நுணுக்கமானது, நின்று பார்க்கத் தகுந்தது.

பயம் வந்ததும் மூளையின் ஹைபோதலாமஸ், சுருக்கமாக சி.ஆர்.ஹெச் என்று அழைக்கப்படும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் ஏறுகிறது. சாதாரணமாக, கார்டிசால் ஏறினால் அதுவே மூளைக்குப் போய் போதும் நிறுத்து என்று சொல்லும், சுரப்பு அடங்கும். கர்ப்பகாலத்தில் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. நஞ்சுக்கொடியும் அதே சி.ஆர்.ஹெச்சைச் சுரக்கிறது, ஆனால் கார்டிசால் அதை அடக்குவதில்லை, கூட்டுகிறது. தாயின் கார்டிசால் ஏற ஏற நஞ்சுக்கொடியின் சுரப்பும் ஏறும். ஆஸ்திரேலியாவில் ரோஜர் ஸ்மித் குழுவினர் 1995ல் வெளியிட்ட ஆய்வில், குறைப்பிரசவம் ஆன பெண்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் கர்ப்பத்தின் ஆரம்பத்திலிருந்தே மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது தெரிந்தது. பிரசவ நேரத்தைக் குறிக்கும் கடிகாரம் நஞ்சுக்கொடியிலேயே ஓடுகிறது என்றார்கள் அவர்கள். அழுத்தம் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ளக்கூடும். ஆனால் போஸ்ட்வில் ஆய்வில் பாதிப்பு நிறைமாதப் பிறப்புகளில்தான் கூடுதலாகத் தெரிந்தது என்பதால், இந்த ஒரு வழியை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. தாயின் கார்டிசால் அப்படியே குழந்தைக்குப் போய்விடாது. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி வாசற்காவலன் மாதிரி நின்று, வரும் கார்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. தாய்க்கு நீடித்த அழுத்தமோ ஊட்டக் குறைவோ அழற்சியோ இருந்தால் அந்தக் காவல் தளரலாம். அப்போது குழந்தைக்கு வளர்ச்சியைக் குறைத்து, சீக்கிரம் முதிரச் சொல்லும் செய்தி போகிறது. அதிமதுரத்தில் இருக்கும் கிளைசிரைசின் என்ற பொருள் இதே நொதியைத்தான் தடுக்கிறது. அதிமதுர மிட்டாய் நிறையச் சாப்பிடும் பழக்கமுள்ள ஃபின்லாந்தில், மிக அதிகம் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் சற்று முன்கூட்டியே ஆனதை 2001ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த நொதி என்ன வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

ஹார்மோனோடு கதை முடியவில்லை. செக்கப்புக்குப் போக பஸ் ஏற வேண்டும், ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்க வேண்டும். போலீஸ் நிற்கும் ரோட்டில் போகப் பயந்தால் செக்கப் தவறும். கணவன் சிறையில் இருந்தால் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாவிட்டால் முதலில் குறைவது பாலும் பழமும் இறைச்சியும். வாடகை கட்ட முடியாமல் இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் நெருங்கினால் தூக்கமும் போகும், தொற்றும் வரும். பிறப்புச் சான்றிதழை வைத்து இவை ஒவ்வொன்றின் பங்கையும் பிரிக்க முடியாது. ஒரு தாயின் வாழ்க்கையில் அவை சேர்ந்தேதான் வருகின்றன என்பதால், பிரிக்க வேண்டிய அவசரமும் எனக்குத் தெரியவில்லை.

பிறக்கும்போது எடை குறைந்தால் என்ன, பிறகு தேற்றிவிடலாமே என்று தோன்றலாம். பல குழந்தைகள் தேறியும் விடுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் எழுதிவைத்த பதிவேடுகள் வேறு செய்தியும் சொல்கின்றன. எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியரின் மேற்பார்வையில் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையும் ஒரு வயது எடையும் பதிவாகியிருந்தன. டேவிட் பார்க்கர் குழுவினர் அந்தப் பழைய பதிவேடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றில் இருந்த 5,654 ஆண்கள் பிற்காலத்தில் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை மிகக் குறைவாக இருந்தவர்களிடம் மாரடைப்பு மரணம் அதிகம் என்று 1989ல் வெளியிட்டார்கள். பின்னால் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் பற்றியும் இதே போக்கில் ஆய்வுகள் வந்தன. வயிற்றில் இருக்கும்போது பட்டது ஐம்பது அறுபது வருடம் கழித்து நோயாக வெளிவரலாம். போஸ்ட்வில் ரெய்டின் உண்மையான கணக்கு 2009 ஜனவரியோடு முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு ஏன்?

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான். அமெரிக்காவில் பிறந்தவர் அந்த மண்ணின் குடிமகள். அவரை யாரும் நாடு கடத்த முடியாது. அப்படியிருந்தும் அவர் குழந்தையின் எடை அபாயம் ஏன் கூட வேண்டும்?

பதிலின் ஒரு பகுதி குடும்ப அமைப்பில் இருக்கிறது. தான் குடிமகளாக இருந்தாலும் கணவனோ அக்காவோ மாமனாரோ பேப்பர் இல்லாதவராக இருக்கலாம். இன்னொரு பகுதி முகத்திலும் பெயரிலும் இருக்கிறது. கடையில் வரிசையில் நிற்கும்போதும் கார் ஓட்டும்போதும் எதிரில் இருப்பவர் பார்ப்பது உங்கள் பாஸ்போர்ட்டை இல்லை. ரெய்டுக்குப் பின் லத்தீனர் என்றாலே சட்டவிரோதி என்ற பார்வை தடித்தது. அந்தப் பார்வை ஆவணம் கேட்டுவிட்டு வருவதில்லை.

ஆய்வாளர்களில் ஒருவரான ஜெரோனிமஸ் இதை வேறொரு மக்களிடம் நெடுநாளாகப் படித்தவர். 1992ல் அவர் முன்வைத்த வெதரிங் என்ற கருத்து, இடைவிடாத பாகுபாடும் நெருக்கடியும் உடலைக் காலத்துக்கு முன்பே தேய்த்துவிடுகிறது என்பது. அவர் அதற்கு வந்து சேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. அமெரிக்க வெள்ளையினப் பெண்களில் இருபதுகளில் தாயானவர்களைவிடப் பதின்ம வயதில் தாயானவர்களின் சிசு மரண விகிதம் கூடுதல். கறுப்பினப் பெண்களில் அது தலைகீழாக இருந்தது. வயது ஏற ஏற உடல் பேறுகாலத்துக்குத் தயாராவதற்குப் பதில் தேய்ந்துகொண்டு வந்தது.

1997ல் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் இருவரும் இல்லினாய் மாநிலப் பிறப்புகளைப் பார்த்தபோது இன்னொரு திறப்பு கிடைத்தது. அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளுக்கு சராசரி எடை 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து வந்த கறுப்பினத் தாய்மாருக்கு 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மாருக்கு 3,089 கிராம். காரணம் மரபணு என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் எடைதான் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அந்த நாட்டில் கறுப்பராக வாழ்ந்த வாழ்க்கைதான் எடையைக் குறைக்கிறது என்ற முடிவுக்கே இந்த எண்கள் இழுத்துக்கொண்டு போகின்றன.

போஸ்ட்வில் தனித்த சம்பவமும் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆறு மாதத்தில் கலிபோர்னியாவில் நடந்த பிறப்புகளை டயான் லாடர்டேல் ஆராய்ந்தார். அரபுப் பெயர் கொண்ட தாய்மாரிடம் மட்டும் எடைக் குறைவும் குறைப்பிரசவமும் கூடியிருந்தன, மற்ற எந்தப் பிரிவினரிடமும் இல்லை. 2016 நவம்பர் அதிபர் தேர்தலுக்குப் பின் வந்த ஒன்பது மாதங்களில் அமெரிக்கா முழுவதும் லத்தீனத் தாய்மாரின் குறைப்பிரசவங்கள் எதிர்பார்த்ததைவிட 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடின என்று அலிசன் ஜெம்மில் குழுவினர் 2019ல் வெளியிட்டார்கள். அந்தத் தேர்தலில் கைவிலங்கு யாருக்கும் விழவில்லை. பயம் மட்டும்தான் பரவியது.

என்ன செய்யலாம்

இந்த ஆய்வைப் படித்துவிட்டு, கர்ப்பிணிகள் மனதை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும், தியானம் செய்ய வேண்டும் என்று அறிவுரை சொல்ல ஆரம்பிப்பதை நான் அறவே ஏற்கவில்லை. காலில் கண்காணிப்புக் கருவியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய் அமைதியாக இரு என்று சொல்வது, நடந்ததன் பொறுப்பை அவள் தலையில் கட்டுவது. குழந்தை எடை குறைந்து பிறந்தால் தான் அழுததுதான் காரணமோ என்று அவள் காலமெல்லாம் நினைக்க வேண்டியிருக்கும். பயத்தை உண்டாக்கியது ஓர் அரசு முடிவு. மாற்ற வேண்டியதும் அதையே.

சாலை போடவும் அணை கட்டவும் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை கேட்கிறோம். நூற்றுக்கணக்கான அதிகாரிகளும் ஹெலிகாப்டரும் ஓர் ஊரில் இறங்கப் போகும் நடவடிக்கைக்கு, அங்கே எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்ற கேள்வியைக்கூட யாரும் கேட்க வேண்டியதில்லை. இது மாற வேண்டும். அதே தொழிலாளர் சட்ட மீறலை, அதே ஆவண மோசடியை விசாரிக்க நோட்டீஸ், தணிக்கை, முதலாளி மேல் வழக்கு என்று வேறு வழிகள் உண்டு. அக்ரிபிராசஸர்ஸ் நிர்வாகி மேல் பிற்பாடு வங்கி மோசடி வழக்கு நடந்ததும் கணக்குப் புத்தகங்களை வைத்துத்தான்.

சுகாதாரத் துறையின் கையில் இருப்பதும் கொஞ்சமில்லை. ரெய்டு நடந்த வாரத்திலேயே அந்தப் பகுதிக் கர்ப்பிணிகளின் பட்டியலை எடுத்து, செக்கப் தவறியவர்களைத் தேடிப் போகலாம். குடியேற்ற நிலையைக் கேட்க மாட்டோம், யாரிடமும் தர மாட்டோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் மொழியில் எழுதி வைக்கலாம். மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டுத் தலங்களில் குடியேற்ற நடவடிக்கையைத் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டுதல் 2011 முதல் அமெரிக்காவில் இருந்தது. 2025 ஜனவரியில் அதை விலக்கிக்கொண்டார்கள். செக்கப்புக்கு வரும் வழியையே பயப்பட வேண்டிய இடமாக்கிய முடிவு அது. பேறுகால நலத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பணியிட ரெய்டுகளும் திரும்ப வந்துவிட்டன. 2025 ஜூனில் நெப்ராஸ்காவின் ஓமஹாவில் ஓர் இறைச்சி ஆலை. செப்டம்பரில் ஜார்ஜியாவில் கட்டுமானத்தில் இருந்த ஒரு பேட்டரி ஆலை, அங்கே மட்டும் 475 பேர். போஸ்ட்வில்லில் என்ன ஆனது என்று தெரிய ஒன்பது வருடம் பிடித்தது. இப்போது அவ்வளவு காத்திருக்கக் காரணம் இல்லை. பிறப்புப் பதிவுகள் எல்லா மாநிலத்திலும் கணினியில் இருக்கின்றன, ஆய்வின் வழிமுறை வெளியாகி இருக்கிறது, ஒப்பிட முந்தைய வருடங்களின் தரவும் இருக்கிறது. ஜார்ஜியாவின் மாநில சுகாதாரத் துறையோ நெப்ராஸ்காவின் சுகாதாரத் துறையோ மனது வைத்தால், 37 வாரம் முடிந்த சில மாதங்களில் இந்தக் கணக்கை எடுத்து மக்கள் முன் வைத்துவிடலாம்.